காயின் பெலிக்காட்: ஒரு கைலியின் பெயரும் இழையும்

மலாய்க்காரர்கள் வீட்டிலும் தொழுகையிலும் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால் என்ன? ஒட்டுதல் என்னும் பொருளுடைய ‘லெக்காட்’ என்ற மலாய்ச் சொல்லோடு இதனை முடிச்சுப் போடுவாரும் உளர். உடலோடு ஒட்டிக் கிடப்பதால் அப்பெயர் வந்ததாம். இது காதுக்கு இனிய விளக்கமேயன்றி உண்மையன்று. பெலிக்காட் என்பது ஓர் ஊரின் பெயர். அவ்வூர் சென்னைக்கு வடக்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரியும் கடலும் கூடுமிடத்தில் உள்ள பழவேற்காடு. போர்ச்சுக்கீசியர் வாயில் அது ‘பலியக்காத்தே’ ஆயிற்று. ஆங்கிலேயர் ‘புலிக்காட்’ என்றனர். மலாய்க்காரர்கள் ‘பெலிக்காட்’ என்றனர். துறைமுகத்தின் பெயர் துணிக்கு ஏறி, துணியோடு கப்பலேறி இங்கு வந்து நிலைத்துவிட்டது.

நம் தோட்டங்களில் தமிழர் உடுத்தும் கைலியும் அடுத்த கம்பத்து மலாய் நண்பர் உடுத்தும் பெலிக்காட்டும் பிறப்பால் உறவு உடையவை. ஆயினும் இன்று கடையில் பெலிக்காட் என்று விற்கப்படும் துணியில் பழவேற்காட்டின் பருத்தியும் இல்லை, சாயமும் இல்லை, பெரும்பாலும் பருத்தியே இல்லை. பெயர் நின்றது, பொருள் மாறியது. அம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. முதலில் சாயம் மாறிற்று. பின்னர் தறி மாறிற்று. இறுதியில் இழையே மாறிற்று. இம்மூன்றில் நெசவாளனின் கையைவிட்டுத் தொழிலை முற்றாகப் பறித்தது எது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

மலாக்காவைப் போர்ச்சுக்கீசியர் 1511இல் கைப்பற்றினர். அதற்கு அடுத்த ஆண்டுகளில் அங்குத் தங்கியிருந்த தோமே பிரேஸ் என்னும் மருந்துப் பொருள் அறிஞர் எழுதிவைத்த நூல் ‘சுமா ஓரியந்தால்’. கிழக்குக் கடலின் வாணிகத்தை அறிய அதைவிட நல்ல கண்ணாடி நமக்கில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்கா வந்த மரக்கலங்களைப் பற்றி எழுதுமிடத்து, பழவேற்காட்டுக் கப்பலின் சரக்கு மற்றக் கப்பல்களின் சரக்கைவிடப் பன்மடங்கு விலைபெற்றது என்று அவர் குறிக்கின்றார். அச்சரக்கு பெரும்பாலும் துணியே. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் வெள்ளி நாணயத்துக்கு இருந்த மதிப்பைவிடச் சோழமண்டலத் துணிக்கு இருந்த மதிப்பு மிகுதி. துணியைக் கொடுத்தால் கிராம்பு கிடைக்கும்; வெறும் பணத்தை நீட்டினால் கிடைக்காமலும் போகலாம்.

இதனை விரைவில் உணர்ந்தவர்கள் ஒல்லாந்தர். 1610இல் பழவேற்காட்டில் வாணிக உரிமை பெற்று, 1613இல் அங்குக் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பி முடித்தனர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. அவர்களுள் ஒருவரான ஹென்ரிக் பிரவுவர் 1612இல், இக்கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடக்கை என்று கூறினார். துணி இல்லையேல் கிராம்பு இல்லை என்பதே அதன் கருத்து.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பழவேற்காட்டுத் துணி முழுவதும் பழவேற்காட்டில் நெய்யப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உள்நாட்டுத் தமிழ், தெலுங்கு ஊர்களின் கைக்கோளரும் சாலியரும் தேவாங்கரும் நெய்தவற்றை வணிகர் முன்பணம் கொடுத்துத் திரட்டித் துறைமுகத்துக்குக் கொணர்ந்தனர். நெய்த கைகளின் ஊர்கள் மறைந்து, ஏற்றிய துறையின் பெயர் நின்றது. கோழிக்கோட்டின் பெயர் ‘காலிக்கோ’ என்று ஆங்கிலத் துணிக்கு ஆனதும் இவ்வாறே.

1824ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட உடன்படிக்கையை நாம் பள்ளியில் மலாக்கா வரலாறாகவே கற்பிக்கின்றோம். மலாக்கா ஆங்கிலேயருக்கு, பெங்கூலன் ஒல்லாந்தருக்கு என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதே உடன்படிக்கையில்தான் இந்தியாவில் இருந்த தம் இடங்கள் அனைத்தையும் ஒல்லாந்தர் விட்டுக்கொடுத்தனர். பழவேற்காடு 1825இல் கைமாறிற்று. துணி ஏற்றிய துறையும் துணி இறக்கிய துறையும் ஒரே தாளில் ஒரே கையெழுத்தால் ஆங்கிலேயர் வசமாயின என்பதைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரேனும் மாணவர்க்குக் கூறலாம்.

இனி அத்துணி எவ்வாறு செய்யப்பட்டது எனக் காண்போம். கட்டம் போட்ட கைலியை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். உள்புறம் வெளிப்புறம் என்ற வேறுபாடே இராது. அச்சடித்த துணியில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். கைலியில் நெய்வதற்கு முன்னரே நூல் சாயம் பெறுவதால், பாவும் ஊடும் தத்தம் நிறத்தோடு குறுக்கிட்டுக் கட்டத்தை உண்டாக்குகின்றன. எனவே கைலியின் உயிர் தறியில் இருப்பதைவிடச் சாயப் பானையில்தான் இருந்தது எனலாம்.

நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர். சாயவேர் கடற்கரை மணலில் படரும் சிறு செடி. இம்பூறல் என்று மருத்துவர் வழங்குவது அதுவே. அதன் மெல்லிய வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் சாயப்பொருள் உண்டு. பருத்தி நூல் சிவப்பை எளிதில் ஏற்காது. முதலில் நல்லெண்ணெயையும் உமரிச்செடியின் சாம்பல் நீரையும் கலந்து, அதில் நூலைத் தோய்த்து உலர்த்துவர், மீண்டும் தோய்ப்பர், மீண்டும் உலர்த்துவர். நாள்கள் பல செல்லும். கடுக்காயின் துவர்ப்பும் படிக்காரமும் சேர்ந்து சாயத்தை இழையோடு பிணிக்கும். பின்னரே சாயவேர்க் கொதிநீர். இவ்வளவும் செய்த நூல் வெயிலுக்கும் வெளுப்புக்கும் அஞ்சாது. தொழில்முறையைத் தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாகவே சொல்லிவைத்தார். ஏட்டில் எழுதிவைத்தது மிகக் குறைவு. சென்னைக் கைக்குட்டை என்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான கட்டத்துணியை அங்குள்ளோர் முகர்ந்து பார்த்தே வாங்கினர். எண்ணெய் வாடை இல்லாதது போலி என்பது அவர்கள் கணக்கு.

போலி என்றதும் நினைவுக்கு வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர நெசவாளர்கள் ‘புல்லிக்கேட்’ என்ற பெயரில் கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்து விற்றனர். பழவேற்காட்டை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. பெயர் ஊரைவிட்டுப் பிரிந்து வெறும் வகைப்பெயர் ஆனது அப்போதே தொடங்கிவிட்டது.

முதல் மாற்றம் சாயத்தில் வந்தது. ஜெர்மானிய அறிஞர்களான கிரேபவும் லீபர்மனும் 1868இல் நிலக்கரித் தாரிலிருந்து அலிசரினைச் செய்து காட்டினர். 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. சில பத்தாண்டுகளில் சாயவேர்க் கொல்லைகளும் அவுரித் தொட்டிகளும் பாழாயின. வேர் தோண்டிப் பிழைத்தவர்களுக்கு இது பேரிழப்பு. ஆனால் சாயமிடுவோர் அழியவில்லை. வேருக்குப் பதில் பொடி வந்தது; பானையும் அடுப்பும் அதே முற்றத்தில் இருந்தன. இரண்டாம் மாற்றம் ஆலை நூலும் விசைத்தறியும். மான்செஸ்டர்த் துணி இந்நாட்டுச் சந்தைக்கும் வந்தது. கைத்தறி தளர்ந்தது, எனினும் வீழவில்லை. ஆலையில் நூற்ற பருத்தி நூலை வாங்கி, குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைத்தறியில் கைலி நெய்து இப்பக்கம் அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பரவிய நீண்ட இழைப் பருத்திக்குக் ‘கம்போடியா’ என்று பெயர். அமெரிக்க இனமான அது நம் தென்கிழக்காசியா வழியே அங்குச் சென்றது. துணி இங்கு வந்த கடலில் விதை அங்குப் போயிற்று.

மூன்றாம் மாற்றத்துக்கு வருவோம். இழையை மனிதன் செய்யத் தொடங்கியது பிரான்சில். ஷார்தொன்னே என்பவர் 1889இல் பாரிசுக் கண்காட்சியில் செயற்கைப் பட்டை வைத்தார். அது எளிதில் தீப்பற்றியது. 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூவர் மரக்கூழைக் கரைத்து விஸ்கோஸ் முறையைக் கண்டனர். நாம் ரயான் என்பது அதையே. கேரளத்தில் திருவிதாங்கூர் ரயான் ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. பின்னர்க் கோவைப் பக்கம் சிறுமுகையிலும் ஓர் ஆலை எழுந்தது.

தொடக்கப்பள்ளி அறிவியலில் பொருள்களை அவற்றின் மூலத்தின்படி பிரிக்கும் பாடம் உண்டு. பருத்தி, பட்டு, கம்பளி இயற்கை. நைலான், பாலியஸ்டர் செயற்கை என்று இரு பத்தியாக மாணவர் எழுதுவர். ரயானை எங்கே எழுதுவது? மூலம் மரம், செய்முறை தொழிற்சாலை. பருத்தியும் ரயானும் இரண்டுமே செல்லுலோஸ்தான். தீயில் காட்டினால் இரண்டும் காகிதம் எரியும் நாற்றத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டரோ உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டி மணியாகும். நூலை இடுக்கியில் பிடித்து ஆசிரியர் தம் கையாலேயே இதைச் செய்து காட்டுவது நலம்; உருகிய சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஆயினும் பருத்திக்கும் ரயானுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நனைந்த பருத்தி நூல் உலர்ந்ததைவிட வலுவாகும். நனைந்த ரயான் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். வண்ணார் கல்லில் பருத்தி தாங்கியதற்கும் ரயான் கிழிந்ததற்கும் காரணம் இதுவே. இரண்டே பத்தி கொண்ட அந்த அட்டவணை எனக்கு என்றும் நிறைவளித்ததில்லை.

நைலான் முழுவதும் வேதியியலின் பிள்ளை. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் 1935இல் அது பிறந்தது; 1940ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பெண்களின் காலுறையாக அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. அந்நாட்டுக்குப் பட்டு ஜப்பானிலிருந்தும் ரப்பர் நம் மலாயாவிலிருந்தும் ஒல்லாந்தர் தீவுகளிலிருந்தும் சென்றுகொண்டிருந்தன. போர் மூண்டதும் இரண்டும் நின்றன. பட்டுக் குடைத்துணிக்குப் பதில் வான்குடைகளுக்கு நைலான் சென்றது. ரப்பருக்குப் பதில் ஸ்டைரினும் பியூட்டடைனும் சேர்ந்த செயற்கை ரப்பர் எழுந்தது. பட்டுப்புழு வளர்த்த ஜப்பானிய உழவனும் பால்மரம் சீவிய தமிழனும் ஒருவரையொருவர் அறியார். இருவர் பிழைப்பின் மேலும் ஒரே போரில் ஒரே வகை இடி விழுந்தது. போருக்குப் பின் ரப்பர் விலை இறங்கும்போதெல்லாம் செயற்கை ரப்பர் என்ற சொல் தோட்டத்தில் அடிபட்டதை நம் பெரியோர் அறிவர்.

அப்போரின்போது இங்கே துணிக்கு நேர்ந்தது என்ன? மலாயாவில் துணி ஆலைகள் இருந்ததில்லை என்றே சொல்லலாம். இங்கிலாந்து, இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வந்ததையே உடுத்தினோம். 1942க்குப் பின் கப்பல் நின்றது, கடை காலியாயிற்று. இருந்த துணி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நைந்தபின், அரிசிச் சாக்கைக் கிழித்து உடுத்தினர். தோட்டங்களிலும் சயாம் ரயில் பாதையிலும் சாக்கு உடுத்திய தமிழர் எத்தனையோ பேர். சாக்கு சணல்; சணல் வங்கத்தில் விளைந்த இயற்கை இழைதான். மழையில் நனைந்த சாக்கு கனத்துத் தோலை உராய்ந்து புண்ணாக்கும். இயற்கை இழை என்றாலே உடலுக்கு இதம் என்று எழுதும் பாடநூலாசிரியர்கள் சணல் சாக்கை உடுத்திப் பார்த்தவர்கள் அல்லர்.

போர் நடந்துகொண்டிருந்த 1941இலேயே இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டிருந்தனர். ‘டெரிலின்’ என்று அது பெயர் பெற்றது; அமெரிக்காவில் ‘டேக்ரான்’; ஜப்பானில் ‘டெட்ரான்’. 1960களில் டெரிலின் சட்டை அணிந்தவர் ஊரில் தனித்துத் தெரிந்தார். கசங்காது, இஸ்திரி வேண்டாம், காலையில் துவைத்தால் நண்பகலில் உலர்ந்துவிடும். மழைநாட்டில் இது சிறு நன்மையன்று. லயத்தின் கூரையடியில் மூன்று நாள் ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடித்த பருத்திச் சட்டையைக் கண்ட தாய்மாருக்கு டெரிலின் ஒரு விடுதலை. பள்ளிச் சீருடையில் அது விரைவில் இடம் பிடித்ததில் வியப்பில்லை. 1970களில் டோரே என்னும் ஜப்பானிய நிறுவனம் பினாங்கு மாநிலத்திலேயே பாலியஸ்டர் இழை ஆலை நிறுவிற்று.

அதன் குறை அதே நன்மையின் மறுபக்கம். நூறு பங்கு உலர்ந்த பருத்தி, காற்றிலுள்ள ஈரத்தில் ஏறக்குறைய 8 பங்கை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ரயான் 11 முதல் 13 பங்கு வரை ஈர்க்கும்; நைலான் 4; பாலியஸ்டர் அரைப் பங்குகூட இல்லை. வியர்வையைக் குடிக்காத துணி, குடிக்காததால்தான் விரைவில் உலர்கிறது. முழு டெரிலின் சட்டையில் முதுகு ஒட்டிக்கொள்ளும் துன்பத்தை அன்றைய இளைஞர் நாகரிகத்தின் பொருட்டுப் பொறுத்தனர். பிறகு பாலியஸ்டரோடு பருத்தியையோ ரயானையோ கலந்து நூற்றனர். ஒன்று கசங்காமையைத் தரும்; மற்றது வியர்வையை வாங்கும். குழந்தைத் தொட்டிலுக்கு மட்டும் பாட்டிமார் பழைய நூற்சேலையையே கேட்டனர். நூற்சேலையில் முடிச்சு வழுக்காது, காற்றும் புகும்.

இப்போது சாயப் பானைக்குத் திரும்புவோம். பருத்திக்கு இடும் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. அதற்கென்று வேறுவகைச் சாயம் வேண்டும். அச்சாயமும் ஏறக்குறைய 130 பாகை வெப்பத்தில், மூடிய அழுத்தக் கலத்தில்தான் இழையின் உள்ளே நன்கு புகும். திறந்த பானையில் நீர் நூறு பாகைக்கு மேல் போகாது. எனவே முற்றத்தில் அடுப்பு மூட்டி எவனும் பாலியஸ்டர் நூலுக்குச் செவ்வனே சாயமிட முடியாது. வேருக்குப் பதில் பொடி வந்தபோது பிழைத்த சாயக்காரன் இங்கேதான் தோற்றான். இழையை உருக்கிப் பிழிவதும் பேராலை, சாயம் ஏற்றுவதும் பேராலை, நெய்வதும் பெரும்பாலும் பேராலை என்றானபின் அவனுக்கு வேலை எது? செயற்கைச் சாயம் கைத்தொழிலை அழித்தது என்று பலர் எழுதுவதை நான் முழுதும் ஏற்பதில்லை. அது வேர் தோண்டியவனை அழித்தது. சாயக்காரனை வென்றது செயற்கை இழையே.

இந்தியா 1985இல் கைத்தறிக்கெனச் சில பொருள்களை ஒதுக்கிச் சட்டம் செய்தது. லுங்கி அவற்றுள் ஒன்று. சட்டம் இருக்க, விசைத்தறிகளும் லுங்கி நெய்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் பருத்திக் கைலி நம் நாட்டுக் கடைகளில் இன்றும் உண்டு. கஞ்சி ஏற்றி விறைப்பாக மடித்திருக்கும். ஓர் இரவு நீரில் ஊறவைத்துத் துவைத்தபின்தான் இடுப்பில் நிற்கும். துவைக்கத் துவைக்க மென்மையாகும். அதன் பக்கத்திலேயே இந்தோனேசிய ஆலைகளின் பெலிக்காட்டுகள் பளபளப்பான பெட்டியில் இருக்கும். அவற்றுள் பல டெட்ரான்–ரயான் கலப்பு. வாங்கிய அன்றே உடுத்தலாம், நிறம் போகாது, விலையும் கைக்கடக்கம். தொழுகைக்கு வாங்குவோர் அதை விரும்புவதில் குறை காண இயலாது. பெட்டியில் பெலிக்காட் என்ற பெயரைப் பார்த்து அதைப் பருத்தி என்று எண்ணுவதுதான் பிழை. இழையின் பெயரைச் சீட்டில் சிறிய எழுத்தில் தேடவேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. வண்டிச் சக்கரத்தின் ரப்பருக்குள்ளே துணி இருக்கிறது. ரப்பர் மட்டும் காற்றழுத்தத்தைத் தாங்காது. அதற்குள் அடுக்கிய கயிற்று இழைகளே தாங்குகின்றன. அவை முதலில் பருத்தி, 1930களின் இறுதியில் ரயான், போரின்போது நைலான், 1960களில் பாலியஸ்டர். இழை இவ்வாறு மாறியும், விமானச் சக்கரத்திலும் பெரும் சரக்கு வண்டிச் சக்கரத்திலும் நம் பால்மரத்து ரப்பருக்கு இன்றும் நீங்காத இடமுண்டு. ஓட்டத்தில் சூடேறுவது அதற்குக் குறைவு; கிழிவைத் தாங்குவது மிகுதி. வேதியியலார் அவ்விரண்டையும் ஒருசேரக் கொண்ட மலிவான மாற்றை இன்னும் தரவில்லை.

பழவேற்காட்டில் இன்று ஒல்லாந்தர் கோட்டை இடிபாடாகிவிட்டது. செதுக்குக் கல்லறைகளோடு கூடிய அவர்களுடைய இடுகாடு நிற்கிறது. ஊரார் பெரும்பாலும் ஏரியிலும் கடலிலும் மீன் பிடிக்கின்றனர். முன்பு பருத்தி நூலில் வலை பின்னி, அழுகாதிருக்கத் துவர்ப்புச் சாற்றில் தோய்த்து, ஒவ்வொரு முறையும் வெயிலில் உலர்த்தினர். 1950களிலும் அதற்குப் பின்னும் சோழமண்டலக் கரையிலும் மலாயாக் கரையிலும் நைலான் வலை பரவியது. நனைந்தே கிடந்தாலும் அழுகாது. ஒரே வலையைக் கொண்டு பன்மடங்கு நாள்கள் தொழில் செய்யலாம். பழவேற்காட்டு மீனவர் இன்று ஏரியில் வீசுவதும் அவ்வலையே.